தவளை முட்டையும் கலக்கருவும்: வாசகர் கேள்வி – பதில்

கலப்பிரிவு, டி.என்.ஏ இரட்டிப்பு பற்றி வந்த கேள்விகளில் பல தவளை முட்டையைச் சுற்றியே இருந்தன. அவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்திருக்கிறோம். ஆய்வுகூட அளவுகளைக் கேட்டவர்களுக்கு அளவுகளோடேயே பதில் தந்திருக்கிறோம். செய்முறை வேண்டாதவர்கள் இரண்டாம், மூன்றாம் பதில்களைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: பாடசாலையில் வெங்காய வேர்நுனியை வைத்துத்தான் கலப்பிரிவைப் பார்க்கிறோம். ஆராய்ச்சியாளர்கள் மட்டும் ஏன் தவளை முட்டைக்குப் போனார்கள்?
– உயர்தர மாணவி, கோண்டாவில்

வேர்நுனியில் நிறமூர்த்தங்கள் வடிவாகத் தெரியும். ஆனால் அவற்றை யார் இரட்டித்தார், எந்தப் புரதம் எப்போது வந்தது என்று அங்கே கேட்க முடியாது. கலங்கள் மிகச் சிறியவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் பிரிபவை, சுவரும் தடிப்பு.

ஆபிரிக்க நகத்தவளையின் முட்டை 1.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கலம். வெறுங்கண்ணுக்கே தெரியும். கருக்கட்டி ஏறத்தாழ 90 நிமிடத்தில் முதற்பிளவு. அதன்பின் அரை மணிக்கு ஒரு பிளவு. 12 பிளவுகள் முடிந்து 4,096 கலங்கள் ஆகும்வரை முளையம் தன் சொந்தப் பரம்பரையலகுகளை ஏறக்குறைய வாசிப்பதே இல்லை. அதுவரை தேவையான இஸ்ரோன்கள் (டி.என்.ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்கள்), பொலிமரேசுகள் (டி.என்.ஏ.யைக் கட்டும் நொதியங்கள்), கலக்கருவின் உறைக்கான மென்சவ்வுகள், கருத்துளைப் புரதங்கள் எல்லாவற்றையும் தாய்த்தவளை முட்டைக்குள்ளேயே கட்டி வைத்துவிடுகிறது. அதாவது ஒரு முட்டைக்குள் ஆயிரக்கணக்கான கலக்கருக்களைக் கட்டுவதற்கான சரக்கு ஆயத்தமாகக் கிடக்கிறது. முட்டையை உடைத்து உள்ளிருப்பதைக் குழாயில் ஊற்றினாலும் அந்தச் சரக்கு வேலை செய்கிறது. ஆராய்ச்சியாளரை இழுத்தது இதுதான்.

வேகத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தவளையின் ஒருமடியத் தொகுதியில், அதாவது ஒரு விந்திலுள்ள டி.என்.ஏ.யில், ஏறத்தாழ 310 கோடி மூலச்சோடிகள். மனிதனுடையதும் கிட்டத்தட்ட அதே அளவு. மனிதக் கலத்துக்கு இரட்டிப்பு முடிய ஏறத்தாழ 8 மணித்தியாலம் வேண்டும். தவளை முளையத்துக்கு 20 நிமிடமே போதும். பொலிமரேசு வேகமாக ஓடுகிறதா என்றால் இல்லை. ஓர் இரட்டிப்புக் கவை (இழைகள் பிரிந்து புதியவை கட்டப்படும் இடம்) நிமிடத்துக்கு 500 மூலங்கள் அளவில்தான் நகர்கிறது. 20 நிமிடத்தில் 10,000. தவளை செய்வது தொடக்கப்புள்ளிகளை நெருக்கமாக வைப்பது: சராசரியாக 10,000 மூலச்சோடிக்கு ஒன்று. ஒரு விந்துக்கருவில் மட்டும் மூன்று இலட்சம் தொடக்கப்புள்ளிகள் வரும். இத்தனை இலட்சம் இடத்தில் தொடங்கி, எந்த இடத்தையும் விடாமல், எந்த இடத்தையும் இரண்டாம் முறை தொடாமல் முடிப்பது எப்படி என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. நான்காம் பதிலில் அதற்கு வருகிறோம்.

கேள்வி: முட்டைச் சாறு எப்படித் தயாரிக்கிறார்கள்? நூல்களில் "முட்டைகள் நசுக்கப்பட்டன" என்ற ஒரு வரியோடு போய்விடுகிறார்கள். படிப்படியாகத் தர முடியுமா?
– உயிரியல் ஆசிரியர், சாவகச்சேரி

அந்த ஒரு வரிக்குள் ஒரு முழுநாள் வேலை இருக்கிறது.

பெண் தவளைக்கு மூன்று நாளுக்கு முன் குதிரை ஓமோன் எனப்படும் பி.எம்.எஸ்.ஜி. 50 முதல் 150 அலகு வரை ஏற்றுவார்கள். முதல்நாள் மாலை மனிதக் கர்ப்ப ஓமோனான எச்.சி.ஜி. 500 அலகு. இரவு தவளையை உப்புக் கரைசலில் தனித்தனித் தொட்டியில் விட்டால் காலையில் முட்டைகள் கிடைக்கும். அந்தக் கரைசலில் 100 மில்லிமோலர் சோடியம் குளோரைட்டு. கூடவே சிறிதளவு பொற்றாசியம், மக்னீசியம், கல்சியம். நல்ல தண்ணீரில் இட்ட முட்டை தானாகவே விழித்துக்கொள்ளும். உப்பு அதைத் தடுக்கிறது. தனித்தனித் தொட்டி ஏனென்றால், ஒரு தவளையின் கெட்ட முட்டை மற்றையவற்றின் நல்ல முட்டையோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

நல்ல முட்டையின் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெளிர் மஞ்சள், எல்லைக்கோடு தெளிவு. வெளுத்து ஊதியவை, புள்ளி புள்ளியானவை, நூல்போலத் தொடர்ந்து வந்தவை எல்லாம் கழிவு. பத்தில் ஒன்றுக்கு மேல் அப்படி இருந்தால் அந்தத் தவளையின் முட்டை முழுவதையுமே ஒதுக்குவதுதான் புத்தி. இறந்துகொண்டிருக்கும் முட்டைகள் விடும் புரதமுடைக்கும் நொதியங்கள் மிச்சத்தையும் கெடுக்கும்.

அடுத்தது ஜெலி உறையைக் கழற்றுவது. பி.எச். 7.8 ஆக்கிய 2 சதவீத சிஸ்ரீன் கரைசலில் முட்டைகளை மெல்லச் சுழற்ற வேண்டும். சிஸ்ரீன் அமிலத்தன்மையானது, காரம் விட்டுத் திருத்தாமல் ஊற்றினால் முட்டை செத்துவிடும். 5 முதல் 10 நிமிடத்தில் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும், மொத்தக் கனவளவு வெகுவாகச் சுருங்கும். அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். மேலும் விட்டால் முட்டைகள் உடையத் தொடங்கும். ஜெலி போன முட்டை மிக மெல்லியது. வாய் அகன்ற, நெருப்பில் விளிம்பு மழுக்கிய கண்ணாடிக் குழாயால் மட்டும் எடுக்க வேண்டும். காற்றில் வெளியே தெரியவும் கூடாது.

பிறகு கழுவல். கழுவும் கரைசலில் 100 மில்லிமோலர் பொற்றாசியம் குளோரைட்டு, மக்னீசியம், சுக்குரோசு, அவற்றோடு 5 மில்லிமோலர் ஈ.ஜி.ரி.ஏ. முட்டை ஒடுக்கற்பிரிவின் இரண்டாம் அனுவவத்தையில் (நிறமூர்த்தங்கள் சுருங்கி நடுவே அணிவகுக்கும் நிலையில்) நிற்கிறது. கல்சியம் கூடினால் அந்தத் தடை கழன்றுவிடும். ஈ.ஜி.ரி.ஏ. கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலில் படியும் வெள்ளைப் படிவே சாட்சி. கரைசல் எதற்கும் அயன் நீக்கிய நீர்தான் வேண்டும். கொதித்தாறிய கிணற்று நீர் சரிவராது.

மையநீக்கியில் இரண்டு சுழற்றல். முதலாவது மெதுவாக, ஈர்ப்பின் 1,400 மடங்கில் 1 நிமிடம். முட்டை உடையாமல் நெருங்கிப் படியும். மேலே எஞ்சும் கரைசலைக் கடைசித் துளிவரை உறிஞ்சி எடுக்க வேண்டும். சோம்பல்படும் இடம் இதுதான். சாறு பத்திலொரு பங்குக்கு மேல் ஐதானால் கரு கட்டும் திறன் சரசரவென்று குறைந்துவிடும். பின்பு 16,000 மடங்கில் 10 நிமிடம். இப்போதுதான் முட்டைகள் ஒன்றையொன்று நசுக்கி உடைகின்றன. குழாயில் மூன்று படை தெரியும்: மேலே மஞ்சள் கொழுப்பு, நடுவே வைக்கோல் நிறக் குழியவுரு, அடியில் கறுப்பு நிறப்பொருளும் மஞ்சட்கருவும். நடுப்படையின் அடிப்பக்கமாகக் குழாயின் சுவரைத் தடித்த ஊசியால் குத்தி, சாறை மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கொழுப்பும் கறுப்பும் கூடவே வரும்.

எடுத்த சாற்றில் நான்கு சேர்க்கை. சைற்றோகலாசின் மில்லிலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். அக்ரின் இழை உறைந்து சாறு கட்டிபடாமல் இருக்க. புரதமுடைக்கும் நொதியங்களைத் தடுக்கும் லியூபெப்ரின், பெப்ஸ்ரற்றின், அப்ரோற்றினின். ஏ.ரி.பி.யைப் புதுப்பிக்க 25 மில்லிமோலர் கிரியற்றின் பொசுபேற்றும் அதன் கைனேசு நொதியமும். கடைசியாகச் சைக்ளோஹெக்சிமைட்டு 100 மைக்கிரோகிராம். கலத்தைப் பிரிவுக்குள் தள்ளும் சைக்கிளின் என்ற புரதம் புதிதாக உருவாகாமல் தடுக்க. பாவிக்கும்போது 0.3 மில்லிமோலர் கல்சியம் குளோரைட்டு விட்டு 15 நிமிடம் 23 பாகையில் வைத்தால் சாறு அனுவவத்தையிலிருந்து இடையவத்தைக்கு (இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட நிலைக்கு) இறங்கும். கருக்கட்டலின்போது விந்து எழுப்பும் கல்சிய அலையின் வேலையை இந்த ஒரு துளி செய்துவிடுகிறது.

ஒரு முட்டையிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ அரை மைக்கிரோலீற்றர் சாறு. இரண்டாயிரம் முட்டைக்கு ஒரு மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பயிற்சியில் விந்துக்கருக்களைச் சாற்றில் விட்டுப் பார்த்தோம். கரு ஊதிப் பெருத்தது. ஆனால் இரட்டிப்பு அளவீடு பூச்சியத்துக்குக் கிட்டத்தான் வந்தது. எங்கே பிழைத்திருக்கும்?
– பட்டதாரி மாணவர், திருநெல்வேலி

ஊதியது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விந்து டி.என்.ஏ.யை இறுக்கிக் கட்டியிருக்கும் காரப்புரதங்களை நியூக்கிளியோபிளாஸ்மின் கழற்றுவதால் வருவது அந்த முதல் வீக்கம். ஐந்து பத்து நிமிடத்திலேயே நடந்துவிடும். மென்சவ்வு இல்லாத சாற்றிலும் நடக்கும். உங்களுக்கு வேண்டியது அதற்குப் பின்னால் வரும் இரண்டாம் வளர்ச்சி.

ஒரே கலவையிலிருந்து நேரத்துக்கு நேரம் ஒரு துளி எடுத்து, ஹொக்ஸ்ற் சாயம் இட்டு நுணுக்குக்காட்டியில் பாருங்கள். தொடக்கத்தில் விந்துக்கரு மெல்லிய முறுக்குக் கம்பிபோல் இருக்கும். 10 நிமிடத்தில் தடித்துக் குறுகும். 30 நிமிட அளவில் விளிம்பு மழமழப்பாகி, நிலைவேறுபாட்டு ஒளியில் உறை ஒரு கோடாகத் தெரிய வேண்டும். 60 நிமிடத்தில் உருண்டை. இதில் எந்தப் படியில் நின்றுபோனது என்பதே நோயைச் சொல்லும்.

நிறமூர்த்தம்போல மெல்லிய இழைகளாகச் சுருங்கிக் கிடந்தால் சாறு இன்னும் அனுவவத்தையில் நிற்கிறது: கல்சியம் போதவில்லை, அல்லது ஈ.ஜி.ரி.ஏ. மிஞ்சியிருக்கிறது. தடித்தும் விளிம்பு கரடாகவே இருந்தால் மென்சவ்வுப் பிரச்சினை. உறைய வைத்த சாற்றில் இது அடிக்கடி நடக்கும். கிளிசரோல் சேர்த்து 20 மைக்கிரோலீற்றர் துளிகளாக நேரே திரவ நைதரசனில் விழுத்த வேண்டும்; உறைபெட்டியில் மெதுவாக உறைந்த சாற்றில் பனிப்பளிங்குகள் மென்சவ்வைக் கிழித்துவிடும். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்கவே கூடாது.

விளிம்பு மழமழப்பு, ஆனால் கரு வளரவில்லை என்றால், உறை மூடியிருக்கிறதா என்று சோதியுங்கள். 150 கிலோடால்ரன் அளவுள்ள, ஒளிரும் டெக்ஸ்ரான் விட்டால் முழுமையான கருவுக்குள் அது புகாது; கரு கறுத்த வட்டமாகத் தெரியும். உள்ளேயும் ஒளிர்ந்தால் உறையில் ஓட்டை. உறை சரியாக இருந்தும் வளரவில்லையெனில் கருத்துளை வழி இறக்குமதி நடக்கவில்லை. கோதுமை முளையின் லெக்ரின் கருத்துளையை அடைத்தால் இரட்டிப்பும் நின்றுவிடும் என்பது பழைய சோதனை. கருவுறையை உள்ளிருந்து தாங்கும் லாமின் புரதத்தைச் சாற்றிலிருந்து நீக்கினாலும் அதே கதை: உறை வரும், ஆனால் கரு சிறுத்து, தொட்டால் உடைவதாக இருக்கும், இரட்டிப்பு இராது.

எல்லாம் சரி, அளவீடு மட்டும் குறைவு என்றால் கணக்கைப் பாருங்கள். சாற்றில் நான்கு நியூக்கிளியோரைட்டுகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 மைக்கிரோமோலர் அளவில் ஏற்கனவே உண்டு. எனவே அளவிடுவதற்காக நீங்கள் சேர்த்த, கதிரியக்கக் குறியிட்ட நியூக்கிளியோரைட்டில் 1 சதவீதம் டி.என்.ஏ.க்குள் போனால், மைக்கிரோலீற்றருக்கு 0.654 நனோகிராம் புதிய டி.என்.ஏ உருவாகியிருக்கிறது. ஒரு விந்துக்கருவில் 3 பிக்கோகிராம். மைக்கிரோலீற்றருக்கு ஆயிரம் கரு விட்டால் 3 நனோகிராம். அது முழுதாக இரட்டித்தாலும் உங்களுக்குத் தெரிவது 4.6 சதவீதம்தான். பலர் இதைப் பார்த்துத் தோல்வி என்று எறிந்துவிடுகிறார்கள். குறியிட்ட நியூக்கிளியோரைட்டோடு குறியிடாததையும் தாராளமாகச் சேர்த்திருந்தால் இந்த வீதம் இன்னும் கீழே போகும்.

பொலிமரேசைத் தடுக்கும் அபிடிகோலின் இட்ட குழாய் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பொலிமரேசு நின்ற அந்தக் குழாயிலும் அதே எண்ணிக்கை வந்தால், நீங்கள் அளப்பது கழுவாமல் விட்ட குறியை.

இன்னொன்று: சாற்றை அறை வெப்பநிலையில் மணித்தியாலக் கணக்கில் வைத்திருந்தால் அது தற்கொலைப் பாதையில் இறங்கிவிடும். கருக்கள் சுருங்கித் துண்டாகும். 1994இல் இதையே பயன்படுத்திக் கலத்தற்கொலையைக் குழாய்க்குள் ஆராயத் தொடங்கினார்கள். உங்களுக்கு அது தொல்லை. அவர்களுக்கு அதுவே ஆய்வு. குளிரூட்டி இல்லாத அறையில் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்குச் சாறு 30 பாகையைத் தாண்டிவிடும். 23 பாகை நீர்த்தொட்டி வைத்தே ஆக வேண்டும். மின் தடைப்பட்டாலும் தாங்கும்படி பனிக்கட்டி கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: ஒருமுறை இரட்டித்த டி.என்.ஏ.யை மறுபடி இரட்டிக்கக் கூடாது என்று கலத்துக்கு எப்படித் தெரியும்? ரியூஷனில் கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறார்கள், சேர்.
– உயர்தர மாணவர், பருத்தித்துறை

நல்ல கேள்வி. 1970இல் ராவ், ஜோன்சன் இருவரும் மனிதக் கலங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார்கள். இரட்டித்துக்கொண்டிருக்கும் கலத்தோடு இரட்டிப்புக்கு முந்திய கலத்தை இணைத்தால், அந்தக் கரு உடனே தொடங்கியது. இரட்டித்து முடித்த கலத்தை இணைத்தால், அது அசையவே இல்லை. ஒரே குழியவுருவுக்குள் இரு கருக்கள். ஒன்று கேட்கிறது, மற்றது கேட்கவில்லை. ஆகவே வித்தியாசம் கருவுக்குள்ளேயே இருக்கிறது.

1980இல் ஹார்லண்டும் லாஸ்கியும் வெறும் டி.என்.ஏ.யைத் தவளை முட்டைக்குள் ஏற்றினார்கள். எந்த டி.என்.ஏ ஆனாலும் ஒரு வட்டத்துக்கு ஒருமுறைதான் இரட்டித்தது. அதாவது கட்டுப்பாடு எந்த ஒரு சிறப்புத் தொடரிலும் இல்லை.

திருப்பம் 1988இல், ஜூலியன் புளோவும் ரொன் லாஸ்கியும் வெளியிட்ட சோதனை. சாற்றில் ஒருமுறை இரட்டித்து முடித்த கருக்களை எடுத்துப் புதிய சாற்றில் போட்டார்கள்: ஒன்றும் நடக்கவில்லை. அதே கருக்களின் உறையை லைசோலெசிதினால் துளைத்துவிட்டுப் போட்டார்கள்: மறுபடி இரட்டித்தன. இழையுருப்பிரிவுக்குள் அனுப்பி உறை தானாகக் கலைந்தாலும் அதே முடிவு. இரண்டாம் முறை இரட்டித்ததா என்பதைப் பார்ப்பது எப்படி? நீங்கள் படித்த மெசல்சன்–ஸ்ரால் சோதனையின் உத்தியேதான். பாரமான புரோமோயூரசிலைக் கொடுத்தால் ஒருமுறை இரட்டித்த டி.என்.ஏ.யில் ஒரு இழை பாரம், ஒரு இழை பாரமற்றது. இரண்டாம் முறையும் இரட்டித்தால் இரு இழையும் பாரமான மூலக்கூறு தோன்றும். சீசியம் குளோரைட்டில் சுழற்றினால் இரண்டும் வெவ்வேறு மட்டத்தில் நிற்கும்.

இதிலிருந்து அவர்கள் சொன்ன கருத்து: டி.என்.ஏ.க்கு ஓர் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கொடுக்கும் காரணி கருவுறையைத் தாண்டி உள்ளே வர முடியாது. உறை கலைந்திருக்கும்போது மட்டுமே டி.என்.ஏ.யில் ஏறும். இரட்டிப்புக் கவை கடந்துபோகும்போது பத்திரம் கழன்றுவிடும். பேருந்து நிலையத்தில் மட்டும் விற்கும் ரிக்கெற், ஏறியதும் நடத்துனர் கிழித்துவிடுவார், வழியில் வாங்க முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1995இல் அந்தப் பத்திரம் எது என்று பிடிபட்டது: எம்.சி.எம். 2 முதல் 7 வரையான ஆறு புரதங்கள் சேர்ந்த வளையம். டி.என்.ஏ.யைச் சுற்றி இரட்டை வளையமாக உட்காருகிறது. உட்கார வைக்க ஓ.ஆர்.சி., சி.டி.சி.6, சி.டி.ரி.1 என்று மூவர் வேண்டும். இரட்டிப்புத் தொடங்கும்போது இதே வளையம்தான் இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேசாக மாறி ஓடத் தொடங்குகிறது. ஓடிப்போன வளையம் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. தொடங்கியதற்கும் பத்திரம் இழந்ததற்கும் ஒரே நிகழ்வுதான் காரணம். தனியாக ஒரு கணக்குப்பிள்ளை தேவையில்லை. எங்கள் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான பகுதி இதுதான்.

ஆனால் 1988இன் கருத்தில் ஒரு பகுதி மாறிவிட்டது. எம்.சி.எம். புரதங்கள் கருவுறையைத் தாண்டி உள்ளே போகக்கூடியவை. அப்படியானால் முழுமையான கருவுக்குள் அவை ஏன் மறுபடி உட்காருவதில்லை? உட்கார வைக்கும் சி.டி.ரி.1 அங்கே செயலிழந்திருக்கிறது. 1998இல் தவளை முட்டைச் சாற்றிலேயே கண்டுபிடிக்கப்பட்ட ஜெமினின் என்ற புரதம் கருவுக்குள் நுழைந்து சி.டி.ரி.1ஐக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்கிறது. போதாததற்கு, இரட்டிப்பு நடக்கும் டி.என்.ஏ.யில் சி.டி.ரி.1 குறியிடப்பட்டு அழிக்கவும்படுகிறது. இரட்டித்து முடிந்த கருவுக்குச் சி.டி.ரி.1ஐ வெளியிலிருந்து கொடுத்தால் அது மீண்டும் இரட்டிக்கும் என்பதே சான்று. இழையுருப்பிரிவு முடியும்போது ஜெமினின் அகற்றப்படும். அடுத்த வட்டத்துக்கான பத்திரம் அப்போது வழங்கப்படும்.

இன்னொரு புதிரையும் சொல்லிவிடலாம். உண்மையில் பயன்படும் தொடக்கப்புள்ளிகளை விடப் பல மடங்கு எம்.சி.எம். டி.என்.ஏ.யில் ஏறுகிறது. மிச்சம் வீண் என்று நீண்டகாலம் தோன்றியது. கவைகள் தடைப்பட்டு நிற்கும்போது பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த மேலதிகத் தொடக்கங்கள் எழும்பி, விடுபட்ட துண்டை முடித்துக் கொடுக்கின்றன. புதிதாக அனுமதி வழங்கத் தடை இருப்பதால், முன்கூட்டியே கூடுதலாக வழங்கி வைத்தால்தான் உண்டு.

கேள்வி: வைரசின் டி.என்.ஏ.யைப் போட்டாலும் கரு உருவாகும் என்று வாசித்தேன். உண்மையா?
– வாசகர், காரைநகர்

உண்மை. 1983இல் பற்றீரியாவைத் தாக்கும் லம்டா வைரசின் டி.என்.ஏ.யைத் தவளை முட்டைக்குள் ஏற்றியபோது, அதைச் சுற்றி இஸ்ரோன் கட்டி, இரட்டை மென்சவ்வு சூழ்ந்து, கருத்துளைகளோடு ஒரு கரு எழுந்தது. லம்டா டி.என்.ஏ வெறும் 48,502 மூலச்சோடி. கருவுறை என்பதை அறிந்திராத ஒன்றின் டி.என்.ஏ. பின்னர் அதையே சாற்றில் குழாய்க்குள்ளும் செய்தார்கள். கரு கட்டத் தெரிந்தது முட்டைக்கு, டி.என்.ஏ அதற்குக் கட்டுமிடம் மட்டுமே. ஆனால் வினைத்திறனில் விந்துக்கரு எப்போதும் முன்னுக்கு நிற்கும். சிறிய வட்ட டி.என்.ஏ.க்கள் சரியான கருவாகத் திரளச் சிரமப்படும், இரட்டிப்பும் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1998இல் வோல்ற்றர், சன், நியூபோர்ட் மூவரும் கருவே இல்லாமல் இரட்டிப்பை நடத்திக் காட்டினர். மென்சவ்வை நீக்கிய சாற்றில் டி.என்.ஏ.க்குப் பத்திரம் கொடுத்தார்கள். பின்பு தனியாகக் கட்டிய கருக்களிலிருந்து பிழிந்த சாறைச் சேர்த்தார்கள். இரட்டிப்பு நடந்தது. கருவுறையின் பெரிய வேலை தேவையான புரதங்களை ஓரிடத்தில் செறிவாக்குவது என்பது இதனால் தெளிவாயிற்று.

கேள்வி: குருதிக்கலம் போன்ற வளர்ந்த கலத்தின் கருவைப் போட்டால்?
– வாசகி, வட்டுக்கோட்டை

தவளையின் செங்குருதிக்கலத்தில் கரு உண்டு, எனவே சோதிக்கலாம். இடையவத்தைச் சாற்றில் நேரே போட்டால் அது அரைகுறையாகவே இரட்டிக்கும். முதலில் இழையுருப்பிரிவு நிலைச் சாற்றுக்குள் ஒருமுறை அனுப்பி எடுத்தால், தொடக்கப்புள்ளிகள் முளையத்தில் இருப்பதுபோல் நெருக்கமாகி, இரட்டிப்பு நன்றாக நடக்கும். 2005இல் பிரான்சில் மெஷாலி குழுவினர் காட்டியது இது. ஜோன் கேர்டன் தலைப்பிரட்டையின் குடற்கலக் கருவை முட்டைக்குள் வைத்துத் தவளையை வளர்த்தது 1962இல் வெளிவந்தது. அதற்கான நோபல் 2012இல்தான் கிடைத்தது.

கேள்வி: ஒருகாலத்தில் கர்ப்பம் பார்க்கத் தவளையைப் பாவித்தார்கள் என்று அம்மம்மா சொல்வா. கட்டுக்கதையா?
– வாசகி, மானிப்பாய்

இல்லை, அம்மம்மா சொன்னது சரி. 1930களில் லான்சலட் ஹொக்பனின் வேலையிலிருந்து வந்தது. பெண்ணின் சிறுநீரைத் தவளையின் தோலுக்குக் கீழே ஏற்றுவார்கள். கர்ப்பமாயின் ஓர் இரவுக்குள் தவளை முட்டையிடும். சிறுநீரிலுள்ள எச்.சி.ஜி.தான் காரணம். இரண்டாம் பதிலில் சொன்ன 500 அலகு ஊசியும் அதே ஓமோன். இந்தச் சோதனைக்காகத்தான் ஆபிரிக்க நகத்தவளை உலகின் பல மூலைகளுக்கும் ஏற்றுமதியானது. ஆய்வுகூடங்களுக்குள் அது வந்த வழியும் அதுவே.

கேள்வி: மாரிக்கு எங்கள் வளவெல்லாம் தவளைச் சத்தம். உள்ளூர்த் தவளையை வைத்து இதைச் செய்ய முடியாதா? நகத்தவளையை வரவழைத்து வளர்க்கலாமா?
– ஆசிரியை, வேலணை

இனம் ஒரு தடையல்ல. 1983இல் லோகாவும் மசுயியும் முதன்முதலாகக் குழாயில் கரு கட்டியது வட அமெரிக்கச் சிறுத்தைத்தவளையின் முட்டைச் சாற்றில். விந்து மட்டும் நகத்தவளையுடையது. தடை பருவம். எங்கள் தவளைகள் ஐப்பசி, கார்த்திகை மழையோடு இட்டுவிட்டு ஓய்ந்துவிடும். நகத்தவளை ஊசிக்கு ஆண்டு முழுவதும் இடும். உள்ளூர்த் தவளையைப் பிடித்து ஆய்வுக்கு எடுப்பதென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விலங்கு ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

நகத்தவளையை வரவழைப்பதற்கு நாங்கள் ஆதரவில்லை. 18 முதல் 20 பாகை நீர் அதற்கு வேண்டும்; எங்கள் வெப்பத்தில் முட்டையின் தரம் விழுந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் உண்டு. தவளைகளை உலகெங்கும் கொல்லும் கைற்றிரிட் பூஞ்சையை இது நோய் காட்டாமல் சுமக்கக்கூடியது. சிலி, பிரான்சு, சிசிலி ஆகிய இடங்களில் தப்பிக் காட்டில் குடியேறியும் விட்டது. எங்கள் குளங்களில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மாணவர்களுக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. மழைக்கு அடுத்த விடியற்காலையில் தேங்கிய நீரோரம் பாருங்கள். தேரையின் முட்டை கறுப்பு மணி கோத்த நீண்ட ஜெலிக் கயிறாகக் கிடக்கும். மரத்தவளையின் முட்டை நீருக்கு மேலே நுரைக்கூட்டுக்குள் இருக்கும், அதைத் தொடாதீர்கள். தேரைக் கயிற்றை நீரிலேயே விட்டுவிட்டு, 10 மடங்கு கைவில்லையால் பாருங்கள். புதிதாக இட்டதாயின் முதற்பிளவின் பள்ளம் கறுப்புப் பாதியில் கோடாக இறங்குவது தெரியும். அடுத்த பிளவு அதற்குச் செங்குத்தாக. எத்தனை நிமிட இடைவெளி என்று மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். ஏழு மணிக்குப் பின் போனால் எண்ண முடியாத அளவு பிரிந்திருக்கும்.

கேள்வி: இதனால் நோயாளிக்கு என்ன பயன்?
– வாசகர், நல்லூர்

இரண்டு மட்டும் சொல்கிறோம். மெயர்–கோர்லின் எனப்படும் அரிய நோயில் குழந்தைகள் மிகக் குள்ளமாக, சிறிய காதுகளோடு, முழங்காற்சில்லு இல்லாமலோ சிறுத்தோ பிறக்கின்றனர். 2011இல் அதற்குக் காரணமான பரம்பரையலகுகள் தெரியவந்தபோது பட்டியலில் இருந்தவை ஓ.ஆர்.சி. புரதங்கள், சி.டி.சி.6, சி.டி.ரி.1: நான்காம் பதிலின் அதே மூவர். மற்றது, ஓய்ந்துவிட்ட கலத்தில் எம்.சி.எம். இராது, பிரிந்துகொண்டே இருக்கும் கலத்தில் இருக்கும். கருப்பைக் கழுத்துக் கலங்களைச் சாயமிட்டுப் பார்க்கும்போது, மேற்படையில் எம்.சி.எம். தெரிந்தால் அங்கே பிரிவு அடங்கவில்லை என்று பொருள்.

கேள்வி: பரீட்சையில் எம்.சி.எம்., ஜெமினின் எல்லாம் எழுதினால் புள்ளி கிடைக்குமா?
– உயர்தர மாணவி, சுன்னாகம்

கேட்டதற்கு மட்டும் எழுதுங்கள். டி.என்.ஏ இரட்டிப்பு எஸ் அவத்தையில் நடக்கிறது, ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் இருக்கும், ஹெலிகேசு இழைகளைப் பிரிக்கும், பொலிமரேசு ஐந்திலிருந்து மூன்று திசையில் நீட்டும் என்பவையே முதலில் வர வேண்டும். நேரம் மிஞ்சினால், "ஜி1 அவத்தையில் தொடக்கப்புள்ளிகளில் ஏறும் ஹெலிகேசு எஸ் அவத்தை தொடங்கிய பின் புதிதாக ஏற முடியாது, எனவே ஒரு கலவட்டத்தில் ஒருமுறையே இரட்டிப்பு" என்று ஒரே வசனம் போதும். ஜெமினினைப் பல்கலைக்கழகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.